கேமராவுக்குப் பின்னால் ஒரு பின் நம்பர்

2009 பிப்ரவரியில், அமெரிக்கத் தலைநகரை ஒட்டி நடந்த பிளாக் ஹாட் பாதுகாப்பு மாநாட்டில் வியட்நாமைச் சேர்ந்த நுயென் மின் டுக் என்ற ஆய்வாளர் பேசினார். லெனோவோ, ஆசுஸ், தோஷிபா ஆகிய நிறுவனங்களின் லேப்டாப்களில் அப்போது ஒரு வசதி பெருமையாக விளம்பரப்படுத்தப்பட்டு வந்தது: பாஸ்வேர்டு தட்ட வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும். உரிமையாளரின் புகைப்படத்தைக் கேமரா முன் பிடித்தே அந்த லேப்டாப்களைத் திறக்க முடியும் என்று அவர் காட்டினார். ‘உங்கள் முகம் உங்கள் பாஸ்வேர்டு அல்ல’ என்பதுதான் அவர் உரைக்கு வைத்திருந்த தலைப்பு.

இன்றைய விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸைத் திறந்து, அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போனால் ‘ஃபேஷியல் ரெகக்னிஷன்’ மேலேயே நிற்கும். கீழே வரிசையாகச் சில சுவிட்சுகள். புதுக் கணினி வாங்கிய அன்று அவசரமாக ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள்தான் நம்மில் அதிகம். ஆனால் பொறுமையாகப் படித்தால் சுவாரசியமான பக்கம் அது. அங்குள்ள பல சுவிட்சுகள் அங்கே வந்து சேர்ந்ததற்கு, எங்கோ எவரோ ஒரு கணினியை ஏமாற்றித் திறந்ததே காரணம்.

2009இல் ஏமாந்த லேப்டாப்கள் எல்லாம் சாதாரண வெப்கேமை நம்பியவை. வெப்கேம் நம் கண் பார்க்கும் ஒளியையே பார்க்கிறது; ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை. புகைப்படம் என்பதே அந்த ஒளியில் மனிதக் கண்ணை நம்பவைக்கத் தயாரான பொருள். நம் கண்ணை நம்பவைக்கும் படம் அதே ஒளியில் பார்க்கும் கேமராவை நம்பவைத்ததில் வியப்பில்லை.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளிவந்தபோது, அதனுடன் வந்த ‘விண்டோஸ் ஹலோ’ இந்த இடத்தில்தான் வழி மாறியது. சாதாரணக் கேமராவை ஏற்கவே மாட்டேன், அகச்சிவப்புக் கேமரா இருந்தால் மட்டுமே முகம் பார்ப்பேன் என்றது. விலை குறைந்த லேப்டாப் வாங்கியவர்கள் முகப்பதிவு செய்யப் போகும்போது ‘விண்டோஸ் ஹலோவுக்கு ஏற்ற கேமரா கிடைக்கவில்லை’ என்ற செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். கேமரா நன்றாக வேலை செய்யும், ஜூம் கூட்டங்களில் முகம் தெளிவாகத் தெரியும், ஆனாலும் முகப்பதிவு நடக்காது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அகச்சிவப்புக் கேமரா அந்த மாடலில் வைக்கப்படவே இல்லை.

உங்கள் லேப்டாப்பில் அது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு லாக் ஸ்கிரீனைக் கொண்டுவாருங்கள். திரையின் மேல் விளிம்பில் கேமராவுக்கு அருகே மங்கிய சிவப்பாக ஒரு புள்ளி மினுக்கினால், அது அகச்சிவப்பு எல்.இ.டி. இத்தகைய விளக்குகள் பல 850 நானோமீட்டர் அளவில் ஒளியை உமிழ்கின்றன. அந்த ஒளியில் கண்ணுக்கு எட்டும் பகுதி மிகக் கொஞ்சம் என்பதால் சிவப்புக் கசிவு மட்டுமே தெரிகிறது. அந்த ஒளி முகத்தில் பட்டுத் திரும்புவதைத்தான் பக்கத்திலுள்ள தனிக் கேமரா படம் பிடிக்கிறது.

இதில் கிடைக்கும் லாபம் பெரியது. செல்போன் திரையில் உங்கள் படத்தைக் காட்டினால் அகச்சிவப்புக் கேமராவுக்கு வெறும் கரும்பலகைதான் தெரியும், ஏனென்றால் எல்.சி.டி. திரை அந்த அலைநீளத்தில் எதையும் காட்டுவதில்லை. வண்ண மைகள் பலவும் அகச்சிவப்பில் நிறமற்றுப் போவதால் அச்சிட்ட படமும் வெளிறிவிடும். தோலைப் பொறுத்தவரை இன்னொரு நன்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின், கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும் அளவுக்கு அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை. எனவே கறுத்த முகத்துக்கும் வெளுத்த முகத்துக்கும் உள்ள இடைவெளி அகச்சிவப்புப் படத்தில் சுருங்குகிறது. சாதாரணக் கேமராவில் கருமையான முகங்களின் விவரங்கள் நிழலில் அமிழ்ந்துபோவதை அலுத்துக்கொண்டவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

பலவீனமும் உண்டு. சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறையவே கலந்திருக்கிறது. பின்பக்கம் ஜன்னல் திறந்திருக்க, மதிய வெயில் முதுகில் அடிக்க உட்கார்ந்தால் கேமரா திணறும். சில குளிர்கண்ணாடிகள் அகச்சிவப்பைத் தடுத்துவிடும். ‘நேற்று திறந்தது, இன்று திறக்கவில்லை’ என்ற புகார் எழும்போது முதலில் பார்க்க வேண்டியது ஜன்னலைத்தான்.

இனி முகப்பதிவு. பதிவு செய்யும்போது திரையில் நம் முகம் தெரிகிறது, சில நொடிகள் பார்க்கச் சொல்கிறது, முடிந்தது என்கிறது. அந்த நொடிகளில் நடப்பதை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் விளக்கியிருக்கிறது. முதலில் கண், மூக்கு, வாய் போன்ற அடையாளப் புள்ளிகளைக் கணினி கண்டுபிடிக்கிறது. முகம் திரையை நோக்கித் திரும்பியிருக்கிறதா என்று சரிபார்க்கிறது. ஏறத்தாழ 15 டிகிரிக்கு மேல் திரும்பியிருந்தால் ஏற்காது. பிறகு அந்தப் புள்ளிகளை நங்கூரமாக வைத்து, முகத்தின் பல பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாதிரிகளை எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சமும் நிழலும் எப்படி மாறுகின்றன என்பதை எண்களாக்குகிறது. சேமிக்கப்படுவது இந்த எண் தொகுப்பே. முகத்தின் படம் சேமிக்கப்படுவதில்லை. மறுநாள் நீங்கள் வந்து உட்காரும்போது புதிதாக ஓர் எண் தொகுப்பு உருவாகிறது. பழையதும் புதியதும் போதுமான அளவு ஒத்துப்போனால் கதவு திறக்கும்.

‘போதுமான அளவு’ என்பதை எங்கே வைப்பது என்பதில்தான் இந்தத் தொழிலின் தலைவலி இருக்கிறது. கோட்டை உயர்த்தினால் சொந்தக்காரரே வெளியே நிற்க வேண்டியிருக்கும். தாழ்த்தினால் அயலார் நுழைவார். முகம் பார்க்கும் கருவிகள் அயலாரை உள்ளே விடும் வாய்ப்பு 0.001 சதவீதத்துக்கும், அதாவது லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் நிபந்தனை. சொந்தக்காரரை மறுப்பதில் அந்தக் கறார் இல்லை. போலித் தடுப்புடன் சேர்த்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. பத்தில் ஒரு தடவை உங்களை நிறுத்திவைத்தாலும் பரவாயில்லை என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. எனக்கு அதில் புகார் இல்லை.

‘இம்ப்ரூவ் ரெகக்னிஷன்’ என்ற பட்டனின் வேலை இதோடு தொடர்புடையது. அதை அழுத்தினால் பழைய பதிவு அழிவதில்லை. கூடுதலாக இன்னொரு பதிவு சேர்கிறது. மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று எனப் பதிவது உண்மையிலேயே பயன் தரும். ஆனால் முகம் மறுக்கப்படும் ஒவ்வொரு தடவையும், அரை இருட்டிலும் கோணலாகச் சாய்ந்தபடியும் அதை அழுத்திக்கொண்டே இருப்பது நல்ல பழக்கமாகத் தோன்றவில்லை. ‘இதுவும் நான்தான்’ என்று கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும் மாதிரிகள் தெளிவாக இருப்பதே நல்லது.

இனி ஏமாற்றுக்காரர்களின் கதைக்கு வருவோம். 2017 டிசம்பரில் எஸ்.ஒய்.எஸ்.எஸ். என்ற ஜெர்மன் பாதுகாப்பு நிறுவனம், விண்டோஸ் 10இன் அன்றைய சில பதிப்புகளை வெறும் தாளைக் காட்டித் திறந்தது. தாளில் இருந்தது சாதாரணப் புகைப்படம் இல்லை. உரிமையாளரை அகச்சிவப்புக் கேமராவால் நேருக்கு நேர் எடுத்து, வெளிச்ச அளவைத் திருத்தி அச்சிட்ட படம். பூட்டு எந்த ஒளியில் பார்க்கிறதோ அதே ஒளியில் படத்தைத் தயாரித்துக் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, முகத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும் என்பது அந்த நிறுவனம் சொன்ன பரிந்துரையின் முக்கியப் பகுதி. முகம் பதிந்து பல வருடங்களாகி, இடையில் விண்டோஸ் பதிப்புகள் பல மாறியிருந்தால், ‘ரிமூவ்’ கொடுத்துவிட்டு ஒருமுறை புதிதாகப் பதிவது இன்றும் நல்ல யோசனையே.

2021 ஜூலையில் சைபர் ஆர்க் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டிய வழி இன்னும் சாமர்த்தியமானது. கேமராவை ஏமாற்றுவதை விட்டுவிட்டு, கேமராவாகவே அவர்கள் வேடமிட்டார்கள். யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு சிறு கருவி, ‘நான் அகச்சிவப்புக் கேமரா’ என்று விண்டோஸிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு, முன்பே எடுத்து வைத்திருந்த உரிமையாளரின் அகச்சிவப்புப் படம் ஒன்றை அனுப்பியது. வண்ணக் கேமராவின் பங்குக்கு எதை அனுப்பினாலும் விண்டோஸ் கவலைப்படவில்லை. ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் படத்தை அனுப்பியும் திறந்து காட்டினார்கள். அந்த மாதமே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

‘வெளிக் கேமரா அல்லது கைரேகைக் கருவி மூலம் உள்நுழையலாம்’ என்ற பொருளில் சைன்-இன் ஆப்ஷன்ஸில் உள்ள சுவிட்சின் அர்த்தம் இப்போது விளங்கும். ‘என்ஹான்ஸ்டு சைன்-இன் செக்யூரிட்டி’ என்ற பலத்த பாதுகாப்பு உள்ள கணினிகளில் அது தென்படும். அந்தப் பாதுகாப்பு இயங்கும்போது, முகத்தை ஒப்பிடும் வேலை விண்டோஸின் மற்ற பகுதிகள் எட்டிப்பார்க்க முடியாத தனி நினைவகத்தில் நடக்கிறது. கணினியுடன் பொருத்தப்பட்ட நம்பகமான கேமரா மட்டுமே அங்கே பேச முடியும். சந்தையில் வாங்கிய வெளிக் கேமராவைப் பயன்படுத்த அந்தச் சுவிட்சைப் போட்டால், இந்தக் காவல் விலகிவிடுகிறது. திரையில் அது ஒரு சின்ன வசதியாகத் தெரிகிறதே தவிர, இத்தனை பெரிய விலை கொடுக்கிறோம் என்று தெரிவதில்லை.

அந்தக் காவல் ஏன் வேண்டும் என்பதற்கு 2025 ஆகஸ்டில் இன்னொரு சான்று கிடைத்தது. லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒரு கணினியில் நிர்வாகி உரிமை பெற்ற ஒருவர், அதில் சேமிக்கப்பட்டுள்ள முக எண் தொகுப்புகளைத் திறந்து மாற்றி, தன் முகத்தைக் காட்டியே மற்றவரின் கணக்குக்குள் நுழைய முடியும் என்று காட்டினார்கள். பலத்த பாதுகாப்பு இயங்கும் கணினிகளில் அந்த வித்தை பலிக்கவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் சாதாரணப் பயனர்கள் நேரடியாக உணர்ந்த மாற்றம் ஒன்று வந்தது. ஏப்ரல் 8 அன்று வெளியான புதுப்பிப்புக்குப் பிறகு, அகச்சிவப்புக் கேமராவோடு வண்ணக் கேமராவும் முகத்தைப் பார்த்தால்தான் விண்டோஸ் ஹலோ திறக்கும். போலிப் படங்களால் அமைப்பைக் குழப்ப முடியும் என்று கண்டறிந்த பலவீனத்துக்கான மருந்து அது. விளைவு, இருட்டறையில் முகம் காட்டித் திறந்துகொண்டிருந்தவர்களின் கணினி திடீரென அவர்களை மறுக்க ஆரம்பித்தது. வண்ணக் கேமராவின் மேல் துண்டு டேப் ஒட்டிவைத்தவர்களுக்கும் இதே கதி. டிவைஸ் மேனேஜரில் வண்ணக் கேமராவை முடக்கினால் பழையபடி இருட்டிலும் திறக்கும் என்று சிலர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். வேலை செய்கிறதுதான். ஆனால் வீடியோ அழைப்பும் போச்சு, எதற்காக அந்தக் காவலைக் கொண்டுவந்தார்களோ அதுவும் போச்சு. மேசை விளக்கைப் போடுவது மலிவு.

இவ்வளவும் முகத்தைப் பற்றியது. ஆனால் சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் மிக முக்கியமான வரி முகத்துக்குக் கீழே இருக்கும் பின் நம்பர்தான் என்பது என் கருத்து. பின் நம்பர் இல்லாமல் முகத்தைப் பதியவே விண்டோஸ் அனுமதிக்காது. அதற்குக் காரணம் உண்டு. கணினியின் மதர்போர்டில் அல்லது புராசஸருக்குள் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறது. உங்கள் கணக்குக்கான ரகசியச் சாவி அந்தச் சிப்பை விட்டு வெளியே வருவதில்லை. முகமும் பின் நம்பரும் அந்தச் சாவியைப் பயன்படுத்தச் சொல்லும் இரண்டு வழிகள் மட்டுமே. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் முகம் பார்த்து கேட்டைத் திறப்பதும், வீட்டுச் சாவி வேறு இடத்தில் இருப்பதும் போலத்தான் இது.

இது எவ்வளவு உண்மை என்பது மதர்போர்டு மாற்றும்போது தெரியும். அதே ஹார்ட் டிஸ்க், அதே கேமரா, அதே முகம். ஆனாலும் பழுதுபார்த்து வந்த லேப்டாப், ‘உங்கள் பின் நம்பர் இப்போது கிடைக்கவில்லை’ என்று சொல்லி எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்கச் சொல்லும். சாவி பழைய சிப்போடு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியாக இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயையும் கேட்கும். அதை எங்கே வைத்தோம் என்று அப்போது தேடுவது கொடுமை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிப்பில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

லேப்டாப் வேறொருவர் கையில் சிக்கினால் அவர் முகத்தோடு மல்லுக்கட்ட மாட்டார். லாக் ஸ்கிரீனில் பின் நம்பரைத் தேர்ந்தெடுத்துவிடுவார். பூட்டின் பலம் இரண்டு வழிகளில் பலவீனமான வழியின் பலமே. முக அடையாளம் லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் உழைக்க, பக்கத்திலேயே பிறந்த வருடத்தை நான்கு இலக்க பின் நம்பராக வைத்திருந்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. மனம்போனபடி தட்டிக்கொண்டே போக முடியாது என்பது உண்மைதான். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு ஏ1பி2சி3 என்று தட்டச் சொல்லி, விசைப்பலகையில் இருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும். 32 தவறுகள் சேர்ந்துவிட்டால் சிப் கதவைச் சாத்திக்கொண்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முயற்சியை மட்டும் அனுமதிக்கும். முன்பின் தெரியாத திருடனுக்கு இது போதும். உங்கள் பிறந்த நாள் தெரிந்த சக ஊழியருக்கோ, தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த பத்தாம் வகுப்புப் பையனுக்கோ 32 முயற்சிகள் தேவையே இல்லை.

பின் நம்பர் என்ற பெயர் நம்மை ஏடிஎம் பழக்கத்துக்குத் தள்ளுகிறது. நான்கு இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் அதை மாற்றும் இடத்தில் எழுத்துகளையும் குறிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சிறு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்துவிட்டு நீளமான ஒன்றை வையுங்கள். தினமும் அதைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லாதபடி முகம் பார்த்துக்கொள்கிறது. முக அடையாளத்தின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். ரயிலிலும் காபிக் கடையிலும் பிறர் பார்க்க நாம் எதையும் தட்டுவதில்லை, அதனால் பின் நம்பரை எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது பின் நம்பரைச் சீட்டில் எழுதி மூடியில் ஒட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. தவிர்க்க முடியாமல் கொடுத்தால், திரும்ப வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும்.

மற்ற சுவிட்சுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘முகத்தைக் கண்டதும் லாக் ஸ்கிரீனைத் தானாக விலக்கு’ என்ற சுவிட்சு போட்டிருந்தால், நீங்கள் கணினி முன் வந்து உட்கார்ந்தாலே எல்லாம் திறந்துகொள்ளும். தனி அறையில் வேலை செய்பவருக்கு அது சுகம். நாலு பேர் சுற்றி நின்று பேசும் அலுவலகத்தில், திரும்பிப் பார்த்த மாத்திரத்தில் உங்கள் மின்னஞ்சல் எல்லோர் முன்னாலும் விரிவது சுகமில்லை. அணைத்துவிட்டால் ஒரு விசையைத் தட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டைனமிக் லாக், ப்ளூடூத்தில் இணைந்த உங்கள் செல்போன் தூரம் போனால் சற்று நேரத்தில் கணினியைப் பூட்டும். ஆனால் போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் எழுத்தை அழுத்தும் பழக்கம் எனக்கு இதைவிட நம்பிக்கையாகப் படுகிறது.

முகத் தகவல் எங்கே போகிறது என்ற பயம் நியாயமானது. விண்டோஸ் ஹலோவைப் பொறுத்தவரை அது கணினியை விட்டு வெளியே போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. முகத்தை ஒப்பிடுவதும் அதே கணினிக்குள்தான். ஆதாரில் முகம் காட்டிச் சரிபார்க்கும் முறை வேறு வகை. அங்கே ஒப்பீடு மையத் தரவுத்தளத்தோடு நடக்கிறது. இரண்டையும் ‘ஃபேஸ் ரெகக்னிஷன்’ என்ற ஒரே பெயரில் அழைத்து, ஒன்றின் மேலுள்ள பயத்தை மற்றதன் மேல் ஏற்றுவது சரியில்லை. லினக்ஸ் பயனர்கள் பயன்படுத்தும் ‘ஹவுடி’ என்ற நிரலை எழுதியவர்கள் இதில் நேர்மையானவர்கள். இது பாஸ்வேர்டு அளவுக்குப் பாதுகாப்பானது கிடையாது, ஒருபோதும் ஆகவும் ஆகாது என்று தங்கள் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

லேப்டாப்பை விற்பதாகவோ தம்பி தங்கைக்குக் கொடுப்பதாகவோ இருந்தால் ‘ரிமூவ்’ பட்டன் முகப்பதிவை அழித்துவிடும். பின் நம்பருக்கும் அதே பெயரில் பட்டன் உண்டு. அது மங்கலாக, அழுத்த முடியாதபடி இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ மட்டும் போதும் என்ற சுவிட்சு அதே பக்கத்தில் போட்டிருக்கும். அதை அணைத்தால் பட்டன் உயிர்பெறும். இரண்டையும் அழித்தாலும் கோப்புகள் அப்படியே இருக்கும் என்பதால், கைமாற்றும் முன் செட்டிங்ஸிலேயே ‘ரீசெட் திஸ் பிசி’யைத் தேர்ந்தெடுத்து ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பதைக் கொடுத்துவிடுங்கள்.